தவளையா, மானா, முதலையா: சிங்கப்பூரில் எதில் தொடங்கலாம்?

ஊரிலிருந்து வரும் உறவினர்களில் ஒருவராவது, வந்த களைப்பு தீர்ந்ததும், மெல்ல ஆரம்பிப்பார்: "ஏம்ப்பா, இங்க தவளை, முதலை எல்லாம் கிடைக்குமாமே, நெசந்தானா?" நிஜம்தான். தவளை, முதலை, ஆமை, மான், நெருப்புக்கோழி, கங்காரு, புறா என்று பட்டியல் நீளும். போதாததற்கு, பிராணியை அறுக்காமல் உயிரணுவிலிருந்து வளர்த்த கோழியும் காடையும் இங்கே விற்பனைக்கு வந்தாயிற்று. எல்லாம் சட்டப்படி, சிங்கப்பூர் உணவு அமைப்பின் கண்காணிப்பில் வருகிறவை. ஒரு வாரம் தங்க வந்தவரால் எல்லாவற்றையும் சாப்பிட முடியாது. சாப்பிடவும் வேண்டாம். ஒன்றோ இரண்டோதான் என்றால் எது?

இதில் என் அளவுகோல் மிக எளிது. பழக்கமில்லாத இறைச்சியை வேடிக்கைக்காக விற்கும் இடத்தில் சாப்பிடாதீர்கள். வாடிக்கையாகச் சாப்பிடுகிறவர்கள் கூடும் இடத்தில் சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொள்வதற்காக மட்டும் ஆள் வாங்கும் கறி, உறைபெட்டியில் எவ்வளவு காலம் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? அடுப்படியில் நிற்பவருக்கும் அதில் கைப்பழக்கம் இருக்காது. தினமும் சட்டி சட்டியாக விற்கும் கடையில் கறி தேங்காது, பதமும் தப்பாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விலை, பெயர், பிரமிப்பு எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

கடைக்குப் போவதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். எந்த இறைச்சியைக் கேட்டாலும் "கோழி மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. தசைக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைப்பது அதன் வேலை. நெடுந்தூரம் ஓடும் பிராணிகளின் தசையில் அது நிறைய இருக்கும். மான், கங்காரு, நெருப்புக்கோழி மூன்றின் கறியும் கருஞ்சிவப்பாக இருப்பதும், நாக்கில் இலேசான இரும்பு ருசி தட்டுவதும் அதனால்தான். நெருப்புக்கோழி பறவை இனம் என்றாலும் கோழிக்கறியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தவளையும் முதலையும் வேறு வகை. அசையாமல் கிடந்து, ஒரே பாய்ச்சலில் காரியத்தை முடிப்பவை. அவற்றின் தசை வெளிறியது, ருசியும் மெல்லியது. கோழியின் நெஞ்சுக்கறி நினைவுக்கு வருவது இவற்றில்தான். ஆகவே உங்களுக்கு வெள்ளைக்கறி ஒத்துவருமா, சிவப்புக்கறி ஒத்துவருமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிராணியின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதன்முறை சாப்பிடுகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது கேலாங் வட்டாரத்துத் தவளைக் கஞ்சியைத்தான். நடைபாதை வரைக்கும் மேசை போட்டு, ராத்திரி வெகுநேரம் வரை கூட்டம் நிற்கும் கடைகள் அங்கே உண்டு. குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். தவளை ஒரு மண்சட்டியிலும் கஞ்சி இன்னொரு மண்சட்டியிலும் தனித்தனியாக வரும். இரண்டு தவளை வாங்கினால் ஒன்று இலவசம் என்பது அந்தத் தெருக்களில் சகஜமான விளம்பரம். காய்ந்த மிளகாய் போட்டது, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டது என்று முக்கியமாக இரண்டு வகை. நம் நாக்குக்கு முதலாவதுதான் சரி.

சட்டி மேசைக்கு வந்த பிறகும் ஓரத்தில் சாறு கொதித்துக்கொண்டே இருக்கும். கறுத்து, பளபளவென்று, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் உறைப்புமாக ஒரு கெட்டிச் சாறு. அதில் கருகும் பதம் வரை வறுபட்ட மிளகாய்கள் முழுசாகக் கிடக்கும். தொடைத்துண்டை எடுத்து ஒரு கடி கடித்தால், சதை எலும்பைவிட்டு மொத்தமாகக் கழன்று வரும். கோழியைவிட மெத்தென்று இருக்கும், மீனைவிட இறுக்கமாக இருக்கும். நார் நாராகப் பிரியாது. குளத்து வாடையோ கவிச்சியோ வரும் என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம். நல்ல கடையில் அது இருக்காது. முதுகுத்துண்டில் மட்டும் பொடி எலும்புகள் அதிகம். வாயிலேயே பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள்தான் அதை ரசிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தொடையை மட்டும் கொடுங்கள். கஞ்சி கிட்டத்தட்ட உப்பில்லாமல், அரிசி முற்றிலும் கரைந்து வழவழவென்று இருக்கும். அதைத் தனியாகக் குடித்துப் பார்த்துவிட்டு "என்னப்பா இது, சப்பென்று இருக்கிறது" என்று தள்ளிவைத்துவிடக் கூடாது. சட்டியில் இருக்கும் கறுப்புச் சாற்றை இரண்டு கரண்டி அதன் மேல் விட்டுக் கலந்து சாப்பிட வேண்டும். பழைய சோற்றுக்கு வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட நாக்குக்கு அந்தச் சேர்க்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே சட்டிக்கு வருவது புல்ஃப்ராக் என்ற அமெரிக்கப் பெருந்தவளை, பண்ணையில் வளர்வது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தியா ஒரு காலத்தில் வயல்தவளைகளைப் பிடித்து, கால்களை வெட்டி, மேலைநாடுகளுக்கு ஏராளமாக அனுப்பியது. வயலில் பூச்சிகளைத் தின்னத் தவளை இல்லாமல் போகும் நிலை வந்து, 1987-இல் அந்த ஏற்றுமதியையே தடை செய்தார்கள். பண்ணைத் தவளையைச் சாப்பிடுவதும் வயலிலிருந்து அள்ளியதைச் சாப்பிடுவதும் ஒன்றாகாது.

மானும் நெருப்புக்கோழியும் வேண்டுமென்றால் சீ சார் கடைக்குப் போக வேண்டும். கோப்பிக் கடையின் ஒரு மூலையில் பெருந்தீயில் வாணலியைத் தூக்கிப் போட்டுப் பிரட்டுவார்களே, அதே கடைதான். இஞ்சி, வெங்காயத்தாள் போட்ட மான்கறி பல சீ சார் பட்டியல்களில் நிரந்தரமாக இருக்கும். பண்ணை மான் வளர்ப்பில் நியூசிலாந்து பேர் பெற்ற நாடு. நெருப்புக்கோழியை அதே முறையிலோ, மிளகு போட்டோ தருவார்கள். சூடான இரும்புத்தட்டில் சீறிக்கொண்டு வரும்போது பார்க்கவே நன்றாக இருக்கும். சாப்பிடவும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் மானின் ருசி எப்படி இருக்கும் என்று அறிய வந்தவருக்கு இது சரியான இடமில்லை. கறியை மெல்லிசாக அரிந்து, சோளமாவில் பிசறி, சில கடைகளில் சமையல் சோடாவும் சேர்த்து ஊறவைத்து, சூடான எண்ணெயில் ஒரு முக்கு முக்கி எடுத்து, சிப்பிச் சாற்றோடு பிரட்டுவார்கள். எல்லாக் கறியும் பஞ்சாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மான், நெருப்புக்கோழி, மாடு மூன்றையும் பிரித்துச் சொல்வது கடினம். "சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம், ருசியைத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

இதிலேயே நம்மவர்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. மாட்டிறைச்சி தொடாத வீட்டில் பிறந்தவர்கள், அலுவலக விருந்துகளில் மற்றவர்கள் ஸ்டேக் சாப்பிடும்போது அது எப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நெருப்புக்கோழி அதற்கு மிக நெருக்கமானது. நிறம், கடி, ருசி மூன்றிலும் மாட்டின் பக்கம்தான் நிற்கும், கொழுப்பு மட்டும் மிகக் குறைவு. வழக்கத்தை மீறாமல் அந்த ருசியின் பக்கத்தில் போய்ப் பார்க்க இது ஒரு வழி. ஒரே வாணலியில் மாடும் பன்றியும் பிரட்டுவார்கள் என்பதால், அது உறுத்தும் என்றால் சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "ஆன்ட்டி, நோ பீஃப் ஆ?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

சிவப்புக்கறியின் சொந்த ருசி வேண்டுமென்றால் வீட்டு அடுப்புதான் சிறந்தது. உறைய வைத்த மான், கங்காரு இறைச்சியைச் சில இறைச்சிக் கடைகளில் வாங்கலாம். கங்காருவை யாரும் மந்தை வைத்து வளர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்றவர்கள், அரசு ஒதுக்கும் அளவுக்குள், காட்டில் சுட்டெடுக்கும் இறைச்சி அது. கொழுப்பு இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர் ஆட்டுக்கறிக் கணக்கில் அதைக் குக்கரில் நாலு விசில் விட்டால் வறட்டுக் கட்டையாகிவிடும். கொழுப்பில்லாத கறிக்கு நெடுநேர வேக்காடு ஆகாது. உப்பும் மிளகும் தடவி, கனமான இரும்புக்கல்லில் நல்ல சூட்டில் இரண்டு பக்கமும் போட்டு, உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும்போதே எடுத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு அரிய வேண்டும். அப்போது தெரியும் அதன் ருசி: ஈரலின் ஓரம் போன்ற ஒரு கனம், முடிவில் இலேசான இனிப்பு. உள்ளே சிவப்பாக இருக்கும் கறியைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர் வீட்டில் இருந்தால் கங்காரு வேண்டாம். அவருக்கு மான்கறியை மிளகு வறுவலாகச் செய்து கொடுக்கலாம், தோள்கறியாகப் பார்த்து வாங்கினால் மெதுவான வேக்காட்டையும் தாங்கும்.

முதலை. பெயருக்காகவே ஆசைப்படுகிறவர்கள் அதிகம், செலவுக்குத் தகுந்த ருசி கிடைப்பது குறைவு. முதலைப் பண்ணைகள் முதன்மையாகத் தோலுக்காக நடப்பவை, இறைச்சி அதன் கூடவே வருவது. வால்பகுதிதான் நல்ல துண்டு. வெள்ளையாக, கோழிக்கும் கெட்டியான மீனுக்கும் நடுவில் இருக்கும். சரியாகச் செய்தால் சுவைதான். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் ரப்பர். சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் ஓர் உணவகத்தில் வறுத்துக் கொடுத்த முதலைத் துண்டுகளை மென்று மென்று எனக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம். மேலே தூவிய மசாலா மட்டும்தான் ருசித்தது. இங்கே இருக்கும் சீனர்கள் முதலையை வறுப்பதைவிட மூலிகை போட்டு சூப்பாகக் காய்ச்சுவதையே விரும்புகிறார்கள், அதிலும் இருமலுக்கும் இளைப்புக்கும் நல்லது என்ற நம்பிக்கையோடு. மருந்துக்கடைகளில் உலர்த்திய முதலைக்கறியே விற்கும். இளைப்பு இருப்பவர்கள் மருத்துவர் கொடுத்த மருந்தை விடாமல் எடுத்துக்கொள்ளட்டும். சூப் என்ற அளவில், மெல்ல வெந்த முதலை வறுத்ததைவிட எவ்வளவோ மேல்.

சூப் என்று வந்துவிட்டால் முதலையைவிட நான் ஆமை சூப் பக்கம்தான் சாய்வேன். மெல்லோட்டு ஆமை, அதாவது ஓடு கெட்டியாக இல்லாமல் தோல் மூடியது. கறி கொஞ்சம்தான். அந்த ஓட்டின் விளிம்பில் இருக்கும் கொழகொழப்பான பகுதிக்குத்தான் மதிப்பு. ஆட்டுக்கால் பாயாவில் உதட்டோடு உதடு ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பைத் தேடிச் சாப்பிடுகிறவருக்கு இது உடனே பிடித்துவிடும், அதை ஒதுக்கிவைக்கிறவருக்கு ஒரு வாய் கூட இறங்காது. சூப்பில் மூலிகை வாசம் தூக்கலாக இருக்கும். ஆசியாவின் காட்டு ஆமைகள் பலவும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அதனால் பண்ணையில் வளர்த்ததுதானா என்று கேட்டு, கடைக்காரர் தெளிவாகப் பதில் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

காடையும் புறாவும் நமக்குப் புதிதில்லை. "ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்று சொல்லி வளர்ந்த கூட்டம் நாம். கண்டோனியப் பாணியில் தோல் மொறுமொறுவென்று வாட்டிய புறா மட்டும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கத் தக்கது. நெஞ்சுக்கறி ஈரல் நிறத்தில், சாறோடு இருக்கும்.

காடையில் ஒரு புது வகை இங்கே வந்திருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உயிரணுவிலிருந்து வளர்த்த இறைச்சியை விற்க உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்த நாடு சிங்கப்பூர். 2020 டிசம்பரில் ஈட் ஜஸ்ட் நிறுவனத்தின் குட் மீட் கோழிக்கு அந்த அனுமதி கிடைத்தது. 2024-இல் ஆஸ்திரேலியாவின் வாவ் நிறுவனம் ஜப்பானியக் காடையின் உயிரணுவிலிருந்து வளர்த்த இறைச்சிக்கு அனுமதி பெற்றது. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் நாம் வாங்கும் காடையும் அதே ஜப்பானிய இனம்தான். ஆனால் காடை 65-ஐ எதிர்பார்த்துப் போகாதீர்கள். எலும்பு, தோல், நார் எதுவும் இருக்காது. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெண்ணெய்ப் பதத்தில் உணவகங்களில் பரிமாறினார்கள். அதே 2024-இல் ஹூபர்ஸ் இறைச்சிக் கடையில் சில்லறையில் விற்பனைக்கு வந்த குட் மீட் பொட்டலத்தில் வளர்ப்புக் கோழி 3 விழுக்காடுதான், மற்றதெல்லாம் தாவரப் புரதம். ருசி என்று பார்த்தால் மென்மையான கோழித்துண்டு, அவ்வளவுதான். வியப்பு எல்லாம் அது உருவான விதத்தில் இருக்கிறது.

சைவமாக மாற நினைத்தும் நாக்கு விடாதவர்கள் இதை ஆர்வத்தோடு கேட்கிறார்கள். பிராணியைக் கொல்ல வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். அது எனக்கும் மகிழ்ச்சிதான். இருந்தாலும் இது பிராணியின் உயிரணுதான், காய்கறி இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. தொடக்கத்தில் இந்த உயிரணுக்களை வளர்த்த ஊட்டத்தில் கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்த்தார்கள். மாட்டைத் தொடாதவருக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம்! சீரம் இல்லாமல் வளர்த்த குட் மீட் கோழிக்கு 2023 ஜனவரியில் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. வேறு நிறுவனத்தின் இறைச்சி என்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு: அனுமதிக்கப்பட்ட பிராணியின் உயிரணுவிலிருந்து வந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் ஹலாலாகலாம் என்று முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதற்காக ஹலால் சான்றிதழைப் பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது.

பூச்சிகளை இறைச்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்பார்கள். 2024 ஜூலையில் வெட்டுக்கிளி, பட்டுப்புழு உட்பட 16 இனங்களை உணவாக விற்க அனுமதித்தார்கள். மழைக்காலத்தில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து தின்ற ஊர்க்காரர்களுக்கு இது அதிசயமில்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் பூச்சியையும் தவிர்க்க வேண்டும்.

சரி, எதைத் தொடவே கூடாது? கேட்கிறவர்களில் சிலர் உடும்பைப் பற்றி இழுப்பார்கள். சங்கப் பாடலிலேயே எயினர் என்ற வேட்டுவர் வீட்டு விருந்தில் உடும்புப் பொரியல் உண்டு, அது உண்மை. இன்று இந்தியாவில் உடும்பைப் பிடிப்பதே குற்றம். சிங்கப்பூரில் சுங்கே பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் சாவகாசமாக நடந்துபோகும் உடும்பைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இங்கேயும் காட்டுயிர்களைப் பிடிக்கச் சட்டம் இடம் தராது. எறும்புத்தின்னி அதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் சிங்கப்பூர் அதிகாரிகள் இரண்டு கொள்கலன்களில் பிடித்த எறும்புத்தின்னிச் செதில் மட்டும் 25 டன்னுக்கு மேல். இந்த ஊர்க் காடுகளிலும் வாழும் பிராணி அது. பக்கத்து நாடுகளுக்குப் போகும்போது யாராவது "காட்டுக்கறி இருக்கிறது, ஸ்பெஷல்" என்று மெல்லச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2003-இல் சார்ஸ் வந்தபோது இங்கே 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். அந்த நோயின் தடம் சீனாவின் காட்டுயிர்ச் சந்தைகளில் விற்ற புனுகுப்பூனைகள் வரை போனது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ எதையும் முயற்சி செய்யவும் வேண்டாம். நல்ல கடையில் வாங்கிய மானையும் கங்காருவையும் மட்டும் உள்ளே சிவப்பாக விடலாம். தவளை, ஆமை, முதலை மூன்றும் முழுக்க வேக வேண்டும்.

ஹலால் பார்க்கும் குடும்பத்துக்கு இந்தத் தேர்வு வேறு மாதிரி அமையும். தவளை, முதலை, ஆமை மூன்றும் அவர்களுக்குக் கிடையாது. கங்காரு சுடப்பட்டு வருவதால் அதுவும் பெரும்பாலும் ஒத்துவராது. ஹலால் சான்றிதழோடு மான், நெருப்புக்கோழி, முயல், காடை கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஊரிலிருந்து வந்தவருக்கு இங்கே மட்டும் கிடைப்பதாக ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால், பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்துக்குக் கூட்டிப் போய் சூப் தூலாங் வாங்கிக் கொடுங்கள். சிவக்கச் சிவக்கக் காரக் குழம்பில் ஆட்டு எலும்பு, உள்ளே மஜ்ஜை. உறிஞ்சிக் குடிக்க உறிஞ்சுகுழலும் தருவார்கள். ஆடு நமக்குப் புதிதில்லைதான். ஆனால் அதை இப்படிச் சமைத்துப் பெயர் வாங்கியவர்கள் இந்த ஊர் இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மற்றவர்களுக்கு, ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் கேலாங். நாலு பேராகப் போய், காய்ந்த மிளகாய்த் தவளை ஒரு சட்டி, இஞ்சித் தவளை ஒரு சட்டி, கஞ்சி பெரிய சட்டி, கூடவே ஒரு கீரை. சாப்பிடத் தயங்குகிறவர் கஞ்சியையும் கீரையையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். அவரை வற்புறுத்த வேண்டாம்.